மயிரிழை

குழாயின் வயிற்றுக்குள் விளக்கை அனுப்பிவிட்டுத்
திரையைப் பார்த்திருப்பது என் வேலை.
துவாஸ், மூன்றாவது ஷெட், இரவு ஷிப்ட்.
ஏழு மீட்டர் எஃகு. எண்ணெய் மினுங்கும் உட்சுவர்.
மேசையில் ஆறிப்போன தே ஓ.

நாலாவது மீட்டரில் அது இருந்தது,
இமைமுடி ஒன்று உதிர்ந்து ஒட்டியதுபோல.
துடைத்தேன். போகவில்லை.
"கீறல்தான்" என்றார் சூப்பர்வைசர் குவெக்.
"விரிசல்" என்றேன்.
இரண்டு சொல்லுக்கும் நடுவே
பதினெட்டாயிரம் வெள்ளி.

சிவப்புச் சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன்:
த. மங்கையர்க்கரசி.
கட்டத்துக்குள் அடங்காத பெயர். எப்போதும் போல்
கடைசி இரண்டெழுத்து வெளியே தொங்கியது.

இடைவேளையில் ஹம்தான் போனை நீட்டினான்.
பிளாஸ்டிக் டாங்கிகள் ஒட்டி ஒட்டி
மனைவியிடம் திட்டு வாங்குபவன்.
இந்த மாதம் ஒரு ரயில் பீரங்கி,
அந்தப் போரில் ஜெர்மன்காரன் செய்தது. பெயர் கே ஐந்து.
"பாரேன், உன் வேலைதான்."

இருபத்தொன்றரை மீட்டர் குழல்.
உள்ளே முறுக்கி ஓடும் பன்னிரண்டு காடிகள்.
முதலில் ஆழம் பத்து மில்லிமீட்டர்.
சுட்டார்கள். சில குழல்கள் பிளந்தன.
ஏழாகக் குறைத்தார்கள்.
சரியாகிவிட்டது.

அவ்வளவுதான் என்று பரோட்டாவைப் பிய்த்தான் ஹம்தான்.

எனக்கு அவ்வளவோடு நிற்கவில்லை.
பத்துக்கும் ஏழுக்கும் நடுவே
ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும்.
பிளந்த குழலுக்குள் விளக்கைப் பிடித்து,
காடியின் அடிமூலையில் விரல் வைத்து,
"இங்கேதான் தொடங்குகிறது" என்று சொன்ன ஆள்.
சொன்னது சரி.
சரியாகச் சொன்னதுதான் உறுத்துகிறது.
கீறல் என்று எழுதியிருந்தால்
இன்னும் நாலு குழல் பிளந்திருக்கும்,
பக்கத்தில் நின்ற பையன்கள் செத்திருப்பார்கள்.
விரிசல் என்று எழுதியதால்
இருநூற்றைம்பத்தைந்து கிலோ குண்டு
ஒழுங்காகக் கடல் தாண்டி
அக்கரையில் யாரோ ஒருத்தியின்
சமையற்கட்டில் இறங்கியது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
நாணேற்றும் முன்னால் ஒற்றைக் கண்ணை மூடி
அம்பு நேர்தானா என்று பார்த்துக் கொடுத்தவளுக்குப்
பழமொழி ஒன்றும் இல்லை.

அறுபது கிலோமீட்டருக்கு மேல் பாயுமாம்.
விடிகாலை பஸ்ஸில் போனில் வரைபடத்தை விரித்து அளந்தேன்:
துவாஸில் நிறுத்தினால் சாங்கியில்
தீவு தீர்ந்துவிடும்,
குண்டுக்கு இன்னும் வழி மிச்சமிருக்கும்.

இன்னொன்றும் சொன்னான்.
அந்தப் பீரங்கிக்குக் கழுத்து திரும்பாதாம்.
தண்டவாளத்தை வளைத்துப் போட்டு
அதன்மேல் முன்னும் பின்னும் நகர்த்திக்
குறி பார்ப்பார்களாம்.
வீட்டுக்குப் போகாமல் சன்செட் வேயில் இறங்கினேன்.
பழைய ஜூரோங் தடத்தில்
புல்லுக்குள் கொஞ்சம் இரும்பு கிடக்கிறது.
அதன்மேல் நின்று, அது காட்டிய திசையில் பார்த்தேன்:
ஒரு புளோக். பதினோராம் மாடி.
மூங்கில் கழியில் யாரோ
சிவப்புக் கைலியை நீவி நீவிக் காயப்போட்டார்கள்.
இறங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை லேபிலிருந்து முடிவு வந்தது. விரிசல்தான்.
குவெக் தோளில் தட்டினார்.
"யாருக்குப் போக இருந்த குழாய் இது?"
"எண்ணெய்க் கம்பெனி."
"அங்கிருந்து?"
அவர் என்னைப் பார்த்தார், மழையில் நனைந்த
மெஷினைப் பார்ப்பதுபோல.

படிவம் நீளம் கேட்கிறது, விட்டம் கேட்கிறது,
கடினம், வெப்பம், தேதி கேட்கிறது.
எதற்கு என்ற கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒன்று வரைந்தேன்.
குவெக் ரப்பர் தேடிக்கொண்டிருக்கிறார்.
அடுத்த குழாய் மேடைக்கு வந்துவிட்டது.
விளக்கு உள்ளே போகிறது.